வேணாமா, வேணுமா

பஸ்ஸில் கண்டக்டர் என்று ஓர் ஆள் நின்றுகொண்டே வந்த காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால், அட்டையைத் தட்டினால் போதுமே, அதற்கு எதற்கு ஓர் ஆள் என்கிறார்கள். நம் வயதுக்காரர்களுக்குத்தான் தெரியும், அந்த ஆள் சொல்லாமல் பஸ் நகராது என்று. என் அப்பா அப்படி ஒரு கண்டக்டர். ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் கிளம்பி ரெங்கம் வழியாக லாயாங் லாயாங் வரை போகிற பஸ்.

அப்பா மணியை இழுத்து நான் பார்த்ததில்லை. நில் என்பதும் போ என்பதும் அவர் தொண்டையில்தான் இருந்தன. கோழியைக் கூடையில் வைத்துக்கொண்டு ஏறும் மலாய்க்காரப் பாட்டிமார், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கித்தாப் பால் வாசனையோடு ஏறும் ரப்பர் தோட்டத்து ஆட்கள் என்று எல்லோரும் அந்தக் குரலுக்கு உள்ளே தள்ளிப் போவார்கள். எங்கள் வீடு ரெங்கம் ரயில்பாதைக்குப் பின்னால் இருந்த பலகை வீடுகளில் ஒன்று. சாயங்காலம் பஸ் சாலையில் திரும்பும்போதே அப்பாவின் குரல் வீட்டுக்கு வந்துவிடும். ஆள் வந்து சேர நேரமாகும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அம்மா சோற்றை வடிப்பார்.

நான் பள்ளிக்கூடத்தில் நான்காம் ஆண்டு படித்தபோது, டுரியான் பழக் காலத்தில் அந்தக் குரல் உடையத் தொடங்கியது. முதலில் மணலில் காலை இழுத்து நடப்பதுபோல ஒரு கரகரப்பு. அந்த வருஷம் மரங்கள் கொட்டித் தீர்த்தன. வீட்டில் எந்நேரமும் டுரியான் மணம். ஆகவே எல்லோரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள். சூடு. டுரியான் ஓட்டுக் குழியில் உப்புத் தண்ணீர் ஊற்றிக் குடிக்கச் சொன்னார்கள். மங்குஸ்தீன் தின்னச் சொன்னார்கள். அப்பா எல்லாவற்றையும் செய்தார். சிகரெட்டை மட்டும் விடவில்லை. அதை விடச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை.

டுரியான் காலம் முடிந்தது. கரகரப்பு முடியவில்லை. சீன மருந்துக்கடையில் கறுப்பு உருண்டைகள் வாங்கினோம். கற்பூரவள்ளிச் சாறு, மிளகு, தேன். கோயிலில் ஒரு கயிறு. கடைத்தெரு கிளினிக்கில் சிவப்பு இருமல் தண்ணீர். கத்துகிற வேலை, தொண்டை புண்ணாகத்தான் செய்யும் என்று அந்த டாக்டரும் சொல்லி அனுப்பினார். கொஞ்ச நாளில் கண்டக்டர் குடித்துவிட்டு வேலைக்கு வருகிறார் என்று பேச்சு கிளம்பியது. அப்பா கள்ளுக்கடைப் பக்கம் போகாதவர். ஆனால் குரல் அப்படிக் குழறியது. பிறகு ஒருநாள் பல் துலக்கும்போது எச்சிலோடு ரத்தம் வந்தது. அதற்கும் பிறகுதான் ஜொகூர் பாரு பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள்.

கூடப் போனவர் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. இங்கிலீஷ் தெரிந்தவர் என்பதால் டாக்டர் அவரிடம்தான் பேசினார். தொண்டையில் கட்டி, குரல்வளையையே எடுக்க வேண்டும், எடுத்தால் உயிர் கொஞ்ச காலம் நிற்கும், பேச்சு போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாமா அதை அம்மாவிடம் சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார், ஆளாவது மிஞ்சட்டும் என்பது அவர்கள் எண்ணம். கட்டியைச் சுரண்டி எடுப்பார்கள் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். அவர் கண்விழித்து அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தாராம். காற்று கழுத்து வழியாகப் போய்விட்டது. அப்போது அவர் பார்த்த பார்வையை அம்மா பல வருஷம் கழித்து என்னிடம் சொல்லத் தொடங்கினார், பாதியில் நிறுத்திவிட்டார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அப்பா வீட்டுக்கு வந்தார். கழுத்தின் அடியில் ஓர் ஓட்டை. அதில் ஒரு வெள்ளிநிறக் குழாய். மேலே ஈரத் துணி. மூச்சும் இருமலும் சளியும் அதன் வழியாகத்தான். குழாயைக் கழற்றிக் கழுவி, கொதிநீரில் போட்டு, திரும்ப மாட்டும் வேலை அக்காவுக்கு. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. படிப்பை மூன்றாம் படிவத்தோடு நிறுத்தியிருந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் அந்த வேலையைச் செய்வாள். வீட்டில் டெட்டால் வாடையும் சளி வாடையும் சேர்ந்து நின்றன. அப்பாவுக்கு மட்டும் எந்த வாடையும் தெரியவில்லை. மூக்கு வழியாக மூச்சு போகாததால் மணமும் போய்விட்டது. காப்பியை ஊதிக் குடிக்கவும் முடியாது. அவருடைய காப்பியை நான்தான் ஊதி ஆற்றிக் கொடுப்பேன்.

பேசும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். யார் வந்தாலும் அப்பாவின் முகத்தைப் பார்ப்பார், உடனே சொல்லிவிடுவார். இப்போது வலி இல்லையாம். உங்களைப் பார்த்ததில் சந்தோஷமாம். களைப்பாக இருக்கிறதாம், படுக்க வேண்டுமாம். அப்பா கையைத் தூக்கி முடிப்பதற்குள் அம்மா சொல்லி முடித்திருப்பார். அப்பாவோடு வருஷக்கணக்காக ஓடிய சீன டிரைவர் ஒருநாள் வந்து எதிரே உட்கார்ந்தார். அப்பா அவரிடம் ஏதோ கேட்க உதடுகளை அசைத்தார். டிரைவர் குனிந்து கவனித்தார். அம்மா நடுவில் புகுந்து, பஸ் எப்படி ஓடுகிறது என்று கேட்கிறார் என்றார். அப்பா தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வாயை மூடிக்கொண்டார். அன்பினால்தான் அம்மா அப்படிச் செய்தார். அவர் தடுமாறுவதை நாலு பேர் பார்ப்பது அம்மாவுக்குத் தாங்கவில்லை.

பேச உதவும் ஒரு கருவி பிறகுதான் வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த வெளிநாட்டு டாக்டர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பார்க்க டார்ச் லைட் மாதிரி இருக்கும். தலைப்பக்கத்தைக் கழுத்தில் அழுத்திப் பிடித்து, பொத்தானை அமுக்கினால் ரீங்காரம் கிளம்பும். அந்த ரீங்காரத்தை வாய்க்குள் வாங்கி, நாக்காலும் உதட்டாலும் வார்த்தையாக்க வேண்டும். கழுத்தில் எல்லா இடமும் ஒத்துவராது. ஒரு பக்கம் தழும்பு கட்டையாக இருந்தது, மறுபக்கம் காதுக்குக் கீழே ஒரே ஓர் இடம் மெத்தென்று இருந்தது. அங்கே வைத்தால்தான் சத்தம் உள்ளே இறங்கும். மெதுவாகப் பேசு, வாயை நன்றாகத் திற, மூச்சை வேகமாக விடாதே, துண்டு துண்டாகச் சொல், நிறுத்தும்போது பொத்தானை விட்டுவிடு என்று ஒரு மலாய்க்கார நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தார். அப்பாவோ ஒரே மூச்சில் ஏழு ஊரைச் சொல்லிப் பழகியவர்.

சத்தம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். தகர டப்பாவுக்குள் குளவி புகுந்ததுபோல, ஏற்றம் இறக்கம் இல்லாமல் ஒரே சுருதி. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பேய் பேசுகிறது என்று ஓடினார்கள். அந்திநேரத்தில் அந்தச் சத்தம் வேண்டாம், கெட்டதை அழைக்கும் என்று யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். ஆனால் அம்மாவுக்கு அது காரணமில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் பழைய குரல் இனி வராது என்று யாரோ வந்து சொல்வதுபோல இருக்கிறது என்றார். கொல்லைப்பக்கம் கோழிக் கூண்டருகே வைத்துப் பேசிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

நானும் அப்பாவும் அங்கே பழகினோம். அவர் ஒரு வார்த்தை சொல்வார். எனக்கு என்ன கேட்டதோ அதைத் திருப்பிச் சொல்வேன். தப்பென்றால் தலையை ஆட்டிவிட்டு மறுபடி சொல்வார். ஊர்ப் பெயர்களில்தான் தொடங்கினோம். ககரம் வருகிற பெயர் எல்லாம் அவரைப் பாடாய்ப் படுத்தியது. லாயாங் லாயாங் மட்டும் வழவழவென்று வந்து விழுந்தது. அதை நான் கத்திச் சொன்னபோது அப்பா சிரித்தார். தோள் குலுங்கியது, சத்தம் இல்லை. பள்ளி விட்டு வந்ததும் தினமும் போவோம். பார்வையை அவர் வாயிலிருந்து எடுக்காமல் இருந்தால் புரியும். அவசரப்படாமல் இருந்தால் இன்னும் புரியும். கொஞ்ச வாரத்தில் பெரும்பாலும் எனக்குப் புரிந்தது. வேறு யாரும் அந்தக் கோழிக் கூண்டுக்கு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெரிய மாமா அக்காவுக்கு ஓர் இடம் கொண்டுவந்தார். பையன் மாசாயில் இருந்தான். பாசிர் கூடாங்கில் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே வெல்டிங் வேலை, சொந்தமாக மோட்டார் சைக்கிள். அப்பா இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது என்றார் மாமா. அப்பா பக்கத்து அறையில்தான் படுத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். கருவியை எடுக்கக் கூடாது என்று அம்மா முன்பே சொல்லிவைத்திருந்தார். வீட்டில் சீக்கு இருக்கிறது என்று சம்பந்தி வீட்டார் பயந்துவிடுவார்கள் என்று கவலை. அப்பாவுக்குக் கழுத்தில் மடித்த வெள்ளைத் துண்டு கட்டி, நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். நான் அவர் பக்கத்தில். அக்கா அடுப்படியில் பலகாரத் தட்டோடு நின்றாள். மாப்பிள்ளை உள்ளே வந்து எல்லோருக்கும் கும்பிட்டு உட்கார்ந்தான். அப்பா அவனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவனுக்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை. உடம்பு பாதியாகிவிட்டது, குரலும் இல்லை. எப்படித் தெரியும்?

மாமா தேதி பற்றிப் பேசத் தொடங்கியபோது அப்பா எழுந்து அறைக்குள் போனார். வரும்போது கையில் கருவி. நின்றபடியே கழுத்தில் வைத்து அமுக்கினார். ரீங்காரம் கிளம்பியதும் வந்தவர்களின் குழந்தை ஒன்று வீறிட்டது. அந்த அழுகைக்கு நடுவே அப்பா ஒரு சொல் சொன்னார்.

"வேணாம்."

எனக்குத் தெளிவாகக் கேட்டது. மாமா சிரித்த முகத்தோடு எழுந்து நின்றார்.

"வேணும்னு சொல்றாரு. மச்சானுக்கு சந்தோசம்."

"இல்ல மாமா, அப்பா வேணாம்னு சொன்னாரு," என்றேன் நான். அம்மா என் தொடையில் கிள்ளினார். பாப்பாவுக்கு அக்காவைப் பிரிய மனசில்லை என்றார் மாமா. வந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா மறுபடி தொடங்கினார். இந்த முறை ஒரு சொல் இல்லை, நீளமாக ஏதோ. அவசரத்தில் மெத்தென்ற இடம் தவறிவிட்டது. மூச்சு ஓட்டை வழியாகச் சீறியது. ரீங்காரமும் சீறலும் மட்டும்தான் கேட்டது, எனக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு இருமல் வந்து, சளி துண்டை நனைத்தது. விருந்தாளிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பேட்டரி தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று சொல்லி மாமா அப்பாவின் கையிலிருந்து கருவியை மெல்ல வாங்கிக்கொண்டார். அக்கா தட்டோடு வந்து நின்றாள். தேதி குறித்தார்கள்.

அந்தக் கருவியை நான் அதன்பிறகு பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்துவிட்டதாக அம்மா சொன்னார். அலமாரியில் அம்மாதான் வைத்திருக்கிறார் என்றார் மாமா. துணி அடுக்கு, அரிசித் தகரம், சாமிப் படத்துக்குப் பின்னால் எல்லாம் தேடினேன். இல்லை.

அப்பா உதட்டசைவிலும் கையசைவிலும் சொல்ல முயன்றார். ரீங்காரம் இல்லாத வெறும் உதட்டசைவு எனக்கும் பிடிபடவில்லை. எழுதத் தெரியாதவர். கையெழுத்தும் எண்களும் பஸ் பலகையில் உள்ள ஊர்ப் பெயர்களும்தான் அவர் படிப்பு. வாசல் பக்கம் கை காட்டுவார். பிறகு இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்து ஒரு குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுபோல ஆட்டுவார். அம்மாவுக்கு அதைப் பார்த்ததும் கண் நிறைந்துவிடும். பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று எல்லோரிடமும் சொன்னார். கல்யாணம் முடிந்தால் அடுத்த வருஷமே பார்க்கலாம் என்று அப்பாவுக்கு ஆறுதல் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒருநாள் அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். நோய் முற்றிவிட்டது, அதுதான் கோபம் என்றார்கள். அக்கா குழாயைக் கழற்றும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உதடுகளை அசைப்பார். அக்கா குழாயை மட்டும் பார்த்துக்கொண்டு துடைப்பாள். கொஞ்ச நாளில் அப்பா சுவர் பக்கம் திரும்பிப் படுக்கத் தொடங்கினார்.

கல்யாணம் கோயிலில் நடந்தது. படத்தில் அப்பா புதுச் சட்டையும் கழுத்துத் துண்டுமாக உட்கார்ந்திருக்கிறார். அட்சதை அவர் கையிலேயே இருக்கிறது. அடுத்த மழைக்காலத்தில் சளி நெஞ்சில் இறங்கி இறந்துபோனார்.

அக்கா அதற்கு அடுத்த வருஷம் ஒரு பையோடு வீட்டுக்கு வந்தாள். அடுப்படியில் நின்றபடியே அம்மாவிடம் சொன்னாள். மாசாய் வீட்டு வாசலுக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள், லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து. இடுப்பில் ஒரு பையன். அக்கா புருஷன் ஜாடை அப்படியே. பிள்ளை பிறந்த நாளிலிருந்து அக்கா புருஷன்தான் அப்பாவின் பஸ்ஸில் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்வந்துகொண்டிருந்தானாம், குடும்பமாக. அக்கா சொல்லி முடிக்கவில்லை. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தார். நான் எதிரே இருந்தேன். அம்மாவின் கைகள் தாமாக எழுந்து, ஒரு பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பதுபோல மார்பருகே நின்றன. அவர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அம்மா யாருக்காகவும் பேசியதில்லை. கடையில், உன் மகளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால்கூட, அவளையே கேளுங்கள் என்பார். பெரிய மாமா வந்தால் தண்ணீர் கொடுப்பார், எதிரே உட்கார மாட்டார். கடைசிக் காலத்தில் என்னிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பார்.

"பாப்பா, நீ பக்கத்துல இருந்தியே. வேணாம்னா சொன்னாரு?"

ஆமாம் என்பேன்.

"எனக்கு வேணும்னுதான் கேட்டுச்சு. சத்தியமா அப்படித்தான் கேட்டுச்சு."

அம்மா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. சென்ற மாதம் எனக்கும் தொண்டை கரகரத்தது. இரண்டு மூன்று வாரம் ஆகியும் விடாததால் பயந்துகொண்டு ஜொகூர் பாருவுக்குப் போய்க் காட்டினேன். ஒன்றுமில்லை, வயதும் நெஞ்செரிச்சலும்தான். நீங்களும் இப்படி இருந்தால் சூடு, காற்று என்று தள்ளிப்போடாமல் போய்க் காட்டுங்கள். அங்கே பேச்சுப் பயிற்சி அறைக்கு வெளியே, கழுத்தில் துணி கட்டிய ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கையில் அதே மாதிரிக் கருவி, ஆனால் சிறியது. தன் மனைவியிடம் ஏதோ சொன்னார். மனைவி பாதியில் முடித்துக் கொடுக்கப் போனபோது, பயிற்சி கொடுக்கும் இளம்பெண் அந்த அம்மாளின் கையைத் தொட்டாள். முடித்துக் கொடுக்காதீர்கள், அவர் முடிக்கட்டும், புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள் என்றாள். எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாள்.

திரும்பும்போது அக்காதான் கார் ஓட்டினாள். இப்போது அவள் ஸ்கூடாயில் தனியாக இருக்கிறாள். சிங்கப்பூருக்கு விடியற்காலையில் போய் இருட்டியபின் திரும்பும் வேலையில் பல வருஷம் ஓடி, ஓய்வுபெற்றவள். மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நெரிசலில் கார் ஊர்ந்தது. அந்தப் பெரியவரைப் பற்றி, அந்தப் பெண் சொன்னதைப் பற்றிச் சொன்னேன். அம்மாவும் மாமாவும் அப்படிக் காத்திருந்திருந்தால் உன் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும் என்றும் சொன்னேன். இத்தனை வருஷமும் நான் அப்படித்தான் எண்ணி வந்திருக்கிறேன்.

அக்கா கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே பேசினாள்.

"அன்னிக்கு அப்பா சொன்னது எனக்குக் கேட்டுச்சு. அடுப்படியிலதானே நின்னேன். வேணாம்னுதான் சொன்னாரு."

ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவளே தொடர்ந்தாள்.

"மாப்பிள்ளையப் பத்தி ஒண்ணும் தெரியாது எனக்கு. எவனா இருந்தாலும் போயிரணும்னு இருந்துச்சு. தினம் அந்தக் குழாயக் கழுவிட்டு சோத்துல கை வைப்பேன், அதே வாடதான். அப்பா கையப் பிடிச்சி என்னமோ சொல்ல வருவாரு. பாத்தா புரிஞ்சிரும்னு பயந்துகிட்டுப் பாக்க மாட்டேன்."

அம்மா சாகும்வரை தன் காதையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாரே, அவரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"எத்தனையோ தடவ பக்கத்துல போய் உக்காந்தேன்," என்றாள் அக்கா. "வாய் வரல."

முன்னால் இருந்த கார் நகர்ந்து வெகுதூரம் போய்விட்டது. அக்கா நகரவில்லை. பின்னால் இருந்தவன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.